கண்மணிப் பலகை

லதாக்கியா
14 பிப்ரவரி 1987

அன்புள்ள அண்ணன் ஹைதமுக்கு,

உன் கன்னங்கள் இரண்டிலும் முத்தம், மண்டையில் ஒரு குட்டு. நாங்கள் அனைவரும் நலம். உன் முகத்தைப் பார்க்க முடியாத குறையைத் தவிர எங்களுக்கு வேறு குறை எதுவும் இல்லை. இந்த வரியை அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று எழுதவைத்தாள். இப்போது அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதனால் மற்றக் குறைகளைச் சொல்கிறேன்.

அதற்கு முன், உனக்கு முன்பாக இந்த உறையைப் பிரிக்கப்போகிறவருக்கும் ஒரு சலாம். ஐயா, அண்ணனின் போன கடிதத்தை மூடும்போது பசையைக் கரண்டியால் அள்ளி ஊற்றினீர்களா? கடைசி வரி உறையோடு பிய்ந்து வந்தது. அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்பது அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. கொஞ்சமாகத் தடவினால் போதும்.

செப்டம்பரில் இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளெல்லாம் ஓடவும் குதிக்கவும் நம் ஊருக்கு வரப்போகின்றன. ஊருக்கு ஒப்பனை நடக்கிறது. கடற்கரைச் சாலையில் வீடுகளின் முன்பக்கம் மட்டும் வெள்ளையடிக்கிறார்கள். பக்கவாட்டில் பார்க்கிற விருந்தாளி வந்தால் என்ன செய்வார்களோ. தெருநாய்களை ஒரே வாரத்தில் காணோம். வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஜன்னலைச் சாத்தினார். போன செவ்வாய்க்கிழமை பெரிய மனிதர் யாரோ பார்வையிட வந்தார். அன்று காலை கடைகளில் வாழைப்பழம் தொங்கியது. மாலையில் அவரோடு சேர்ந்து அதுவும் ஊருக்குப் போய்விட்டது. ஊருக்கு வடக்கே கட்டும் புது விளையாட்டு நகரத்தில் விளையாடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

பெரிய செய்தி: போட்டியின் தொடக்க விழாவில் அட்டைகளைப் பிடித்துப் படம் காட்ட எங்கள் பள்ளியையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நானும் நம் தெரு மய்யாதாவும் இருக்கிறோம். அவளுடைய அப்பா அபூ நிஸார் சித்தி வீட்டிலிருந்து திரும்பிவிட்டார். இரண்டரை வருடம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அப்படியொரு சித்தி இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பூட்டு வெளிப்பக்கம், போனவரைச் சீக்கிரம் அனுப்பமாட்டாள். அங்கே என்ன சமைத்துப் போட்டாள் என்று திரும்பியவர் வாய் திறக்கவுமாட்டார். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்களே கிடையாது. அபூ நிஸார் இப்போது தெருவில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார்.

அம்மா வருகிறாள். ஆகவே நான் நல்ல பெண், நன்றாகப் படிக்கிறேன்.

உன் தங்கை,
லமீஸ்


ப்ரனோ
12 மார்ச் 1987

அன்புத் தங்கை லமீஸுக்கு,

நான் நலம். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், படிக்கிறேன், இதை அம்மாவிடம் சொல். இந்த நாட்டில் இன்னும் பனி விழுகிறது. அப்பாவின் முதுகுவலி எப்படி? துறைமுகத்தில் பாரந்தூக்கியில் ஏறும்போது இடுப்புப் பட்டி கட்டிக்கொள்கிறாரா?

கடிதத்தில் எனக்கு மட்டும் சலாம் சொன்னால் போதும். தெருவைப் பற்றியும் நாய்களைப் பற்றியும் எனக்கு ஆர்வமில்லை. அடுத்தவர் வீட்டுச் சித்திகளைப் பற்றியும் எழுதாதே. விழாவில் பங்கெடுப்பது பெருமைக்குரியது. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திரு.

வண்ணப் பென்சில்கள் அனுப்பியிருக்கிறேன், பன்னிரண்டு. பத்துதான் வந்தால் அதையும் எழுத வேண்டாம்.

பெரியவர்கள் கைகளுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
ஹைதம்


லதாக்கியா
23 ஏப்ரல் 1987

என் அன்புக்கும் அறிவுரைக்கும் உரிய அண்ணனுக்கு,

முத்தங்கள். நாங்கள் நலம், அப்பா பட்டி கட்டுகிறார், உன் முகத்தைப் பார்க்காத குறையைத் தவிர குறை இல்லை. பென்சில் எத்தனை வந்தது என்று எழுத மாட்டேன். மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் சூரியனை ஊதாவில் வரைந்துகொண்டிருக்கிறேன்.

பயிற்சி தொடங்கிவிட்டது. இரண்டாயிரத்து நானூறு பெண்கள், ஒருத்திக்கு ஒரு அட்டைப் புத்தகம். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆள் எண் காட்டுவான், அந்தப் பக்கத்தைத் திருப்பி முகத்துக்கு முன்னால் பிடிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் புறா, ஒலிவக் கிளை, அலை. பயிற்சி தருகிறவர் ரொம்ப தூர நாட்டிலிருந்து வந்தவர். அவருக்கு நம் மொழியில் தெரிந்ததெல்லாம் எண்கள் மட்டும். பெயரே இல்லை எங்களுக்கு. பக்கத்தில் இருப்பவளும் முன்னால் இருப்பவளும் வேறு வேறு பள்ளி. "ஏ முப்பது நாப்பத்திமூணு, சூரியகாந்தி விதை இருக்காடி?" என்றுதான் பேச்சு. முதுகில் எண் அச்சடித்த மேல்சட்டை போட்டிருக்கிறோம். அவரவர் அம்மா தைத்தது. நம் அம்மா உள்பக்கம் கழுத்தில் என் பெயரை நீல நூலில் பூத்தையல் போட்டிருக்கிறாள், தொலைந்துவிடுமாம்.

கடைசிப் பக்கம்தான் முக்கியம். அந்த முகம். யாருடைய முகம் என்று எழுத மாட்டேன், நீ திட்டுவாய். பள்ளிக்கூடத்தில், ரொட்டிக்கடையில், பல் வைத்தியர் அறையில் எங்கும் மாட்டியிருக்குமே, அது. எனக்குக் கிடைத்த இடம் பன்னிரண்டாம் வரிசை, ஒன்பது: மீசை. மய்யாதாவுக்கு முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு: இடது கண்ணின் கருமணி. அது சாதாரண அட்டை இல்லை. கருமணி சிதறித் தெரியக் கூடாது என்று நான்கு பேர் இடத்துக்கு ஒரே பெரிய பலகை, ஒருத்தியே பிடிக்க வேண்டும். ஒருபுறம் கறுப்பு, மறுபுறம் தோல் நிறம்.

ஆனால் கண் இருக்கும் இடத்தில் கொளுத்துகிற வெயில். மய்யாதாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்து இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். மீசைக்குத் தூணின் நிழல் விழுகிறது. அதனால் சட்டையை மாற்றிக்கொண்டோம். இப்போது அவள் மீசை, நான் கண். எல்லாப் பெண்களும் இப்படித்தான், நிழலுக்காக, விதைக்காக, வம்புக்காக இடம் மாறுகிறார்கள். பயிற்சியாளருக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு கைகள் இருந்தால் சரி. எங்கள் சுஹைலா டீச்சர், "கண்ணும் கருத்துமா இருங்கடி" என்று கத்துகிறார். கண் நானே இருக்கிறேன். கருத்துக்குத்தான் ஆள் இல்லை.

அண்ணா, யோசித்துப் பார். அவ்வளவு பெரிய முகம், அதன் கண் என் இரண்டு கைக்குள் இருக்கிறது. நான் பலகையை ஒரு திருப்பு திருப்பி மறுபடி திருப்பினால் அது கண்ணடிக்கும்.

பயப்படாதே. சும்மா சொன்னேன்.

உன் கருமணி,
லமீஸ்


ப்ரனோ
20 மே 1987

லமீஸுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நீ பார்த்த ஏதோ நாடகத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் இடத்துக்குத் திரும்பிப் போ. இன்றே போ. வேறு எதுவும் எழுத வேண்டாம். அவளுக்குத் தலை வலித்தால் அவள் வீட்டார் மருத்துவச் சான்று வாங்கட்டும்.

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

ஹைதம்


லதாக்கியா
30 ஜூன் 1987

மதிப்பிற்குரிய அண்ணன் ஹைதம் அவர்களுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலத்தையும் அவ்வாறே அறிய விரும்புகிறோம். தங்கள் முகத்தைப் பார்க்காத குறையைத் தவிர எங்களுக்குக் குறை இல்லை. இங்கே வெயில் அதிகம். தக்காளி வரத்து நன்றாக இருக்கிறது.

தங்கள் மே மாதக் கடிதம் ஜூன் இருபதாம் தேதி வந்தது. பதினெட்டாம் தேதி பெரிய ஒத்திகை நடந்து முடிந்துவிட்டது.

ஒத்திகையைப் பார்க்க மேடையில் முக்கியமானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்படிகளில் மூவாயிரம் இளம் ராணுவ வீரர்கள், காலியிடம் தெரியாமல் இருக்க. புறா நன்றாக வந்தது. அலை நன்றாக வந்தது. கடைசிப் படத்தில் கண்ணில் ஒரு சிறு தவறு நேர்ந்தது. இடது கண் ஒரு முறை மூடித் திறந்தது.

முதலில் எங்கோ ஒருவன் சிரித்தான். பிறகு எதிர்ப்பக்கம் முழுவதும் சிரித்தது. மூவாயிரம் பேர் சிரிப்பது கடல் மாதிரி கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அது எப்படி நின்றது என்றும் சொல்ல வேண்டும். தேய்ந்து நிற்கவில்லை. ஒரே வெட்டில் நின்றது. அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கொடிக்கயிறு கம்பத்தில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்களை மாலை ஏழு மணி வரை வைத்திருந்தார்கள். தண்ணீர் தரவில்லை. வெளிவாசலில் ஒரு மேசை, மேசையில் பட்டியல். புழுக்கம் தாங்காமல் பாதிப் பேர் மேல்சட்டையைக் கழற்றிக் கையிலும் பையிலும் வைத்திருந்தார்கள். அதனால் அவர்கள் முதுகைப் பார்க்கவில்லை, பெயரைக் கேட்டுப் பட்டியலில் எண்ணைத் தேடினார்கள். மய்யாதா எனக்கு இரண்டு பேர் முன்னால் நின்றாள். அவள் தன் பெயரைச் சொன்னாள். ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன். போகச் சொன்னார்கள்.

எங்கள் பள்ளியை விழாவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேறு பள்ளி வருகிறது. பென்சில்களுக்கு மீண்டும் நன்றி.

தங்கள் தங்கை,
லமீஸ்


ப்ரனோ
21 ஜூலை 1987

அன்பு லமீஸ்,

நீ என்னைத் தங்கள் என்று எழுதியதை மூன்று முறை படித்தேன். தயவுசெய்து அப்படி எழுதாதே, பழையபடி மண்டையில் குட்டு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று நீ நிழலில் இருந்தாயா, வெயிலில் இருந்தாயா?

அதை மட்டும் எழுது. எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஹைதம்


லதாக்கியா
12 ஆகஸ்ட் 1987

அண்ணா,

வெயிலில்.

முத்தமும் நலமும் உண்டு என்று வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை உன் அறைத் தோழர் மூலமாக அனுப்பலாம் என்று பார்த்தேன், அவர் விடுமுறைக்கு இன்னும் வரவில்லை. தபாலில்தான் போகிறது. இனி மறைத்து என்ன, இரண்டாவது கடிதத்திலேயே எல்லாவற்றையும் எண்ணோடு எழுதித் தொலைத்தேன். உன் மே மாதக் கடிதம் பத்து நாள் முன்னால் வந்திருந்தால்கூட நான் கேட்டிருப்பேனா என்று தெரியாது.

ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். எல்லோரும் கேட்பார்கள். பெரிய காரணம் சொல்ல ஆசையாக இருக்கிறது, இல்லை. மூன்று மணி நேரம் வெயிலில் அந்தப் பலகையைப் பிடித்திருந்தேன். கறுப்புப் பக்கம் வெளியே, தோல்நிறப் பக்கம் என் மூக்குக்கு நேரே. கை அரித்தது, திருப்பினேன். டீச்சர் நாற்காலியில் சூயிங்கம் ஒட்டிய அதே கைதான், அதே அரிப்புதான். திருப்பிய கணத்தில் சிரிப்பு வந்தது பார், அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அதை நினைத்தால்தான் இப்போது அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மய்யாதாவை அன்றிரவே விட்டுவிட்டார்கள். வியர்வையில் கை வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். நான் அங்கே இல்லை, வேறொருத்தி இருந்தாள் என்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு வெள்ளைக் கார் வந்து அபூ நிஸாரைக் கூட்டிப்போனது. ஐந்து நிமிடம், ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்களாம். இன்றைக்கு ஐம்பத்திரண்டு நாள். மகள் தானாகச் செய்திருக்க மாட்டாள், சித்தி வீட்டில் இருந்து வந்த மனிதன்தான் சொல்லிக்கொடுத்திருப்பான் என்பது அவர்கள் கணக்கு. நான் வாயைத் திறந்தால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அது எனக்குத் தெரியும். தினமும் காலையில் எழும்போது முதலில் அதுதான் தெரிகிறது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். வானொலியைச் சத்தமாக வைத்தார். பிறகு என் பக்கத்தில் குனிந்து சொன்னார்:

"நீ மீசையில இருந்த. பட்டியல்ல அப்படித்தான் இருக்கு. பட்டியல்ல இருக்கிறதுதான் நடந்தது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உங்கண்ணன் படிப்பு அவங்க காசுல நடக்குது. என் வேலை அவங்க துறைமுகத்துல. நீ கண்ணு திறந்தா நம்ம நாலு பேர் கண்ணும் மூடும். புரியுதா?" அண்ணா, அப்பா எனக்குப் புரிகிறதா என்று கேட்கும்போது, விழாமல் இருக்கப் பிடிப்பதுபோல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாரந்தூக்கியில் முப்பது மீட்டர் உயரத்தில் தனியாக உட்காருகிற மனிதர்.

என்னிடம் இருந்த மய்யாதாவின் சட்டையைச் சமையலறையில் எரித்தார். அதற்குப் பிறகு தினமும் ஒரே கேள்வி: "உன் சட்டை எங்க?" என் சட்டை, அம்மாவின் நீலத் தையலோடு, மய்யாதா வீட்டில் இருக்கிறது. அவள் அதை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் மேசையில் போட்டால் போதும், அவள் அப்பா வந்துவிடுவார். நம் அப்பா தூங்குவதில்லை. தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் மூவரும் மூச்சை நிறுத்துகிறோம்.

என்னை வாசல் தாண்ட விடுவதில்லை. அம்மாதான் இதைத் தபாலில் போடுவாள்.

லமீஸ்


ப்ரனோ
31 ஆகஸ்ட் 1987

என் அன்புக் குட்டி,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இதைத் தபாலில் அனுப்பவில்லை. என் அறைத் தோழன் ஊருக்கு வருகிறான், அவன் உன் கையில் தருவான்.

போன வாரம் தூதரகத்திலிருந்து ஒருவர் இங்குள்ள நம் மாணவர்களைப் பார்க்க வந்தார். எனக்கு மட்டும் காபி வாங்கித் தந்தார். படிப்பைப் பற்றி விசாரித்தார், முதுகுவலிக்கு அப்பா இன்னும் பட்டி கட்டுகிறாரா என்று கேட்டார். கிளம்பும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னார்: "உன் தங்கச்சி நல்லா எழுதுறாளாம்பா. ஊதாச் சூரியன்னு படிச்சுட்டு ஒருத்தர் வயிறு வலிக்கச் சிரிச்சாராம்."

அது உன் ஏப்ரல் கடிதம். கண்ணைப் பற்றி எழுதிய அதே கடிதம்.

ஆக, தெரிய வேண்டியவர்களுக்கு ஏப்ரலிலிருந்தே தெரியும். தெரிந்தும் அபூ நிஸாரை வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு உண்மை தேவையில்லை, அவர்தான் தேவை. நீ போய்ச் சொன்னாலும் அவரை விடமாட்டார்கள், உன்னையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். இதை நம்பு. நான் கோழை என்று நினைத்தாலும் பரவாயில்லை, நம்பு. விழா முடியட்டும். விருந்தாளிகள் போகட்டும். பிறகு எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், மீசையிலேயே இரு.

உன் அண்ணன்


லதாக்கியா
9 செப்டம்பர் 1987

அன்பு அண்ணா,

முத்தங்கள். உன் கடிதம் முந்தாநாள் கைக்கு வந்தது. படித்ததும் எரித்துவிட்டேன்.

நாளை மறுநாள் விழா. ஊர் முழுவதும் கொடிகள். கடைகளில் வாழைப்பழம் இந்த முறை நான்கு நாளாகத் தொங்குகிறது. விதவிதமான மொழி பேசிக்கொண்டு பேருந்துகள் போகின்றன. வெள்ளையடித்த முன்பக்கங்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள்.

ஜூனிலிருந்து மய்யாதா வீட்டுக்குத் தெருவில் யாரும் போவதில்லை. அவர்கள் கடைக்கு வந்தால் வரிசை தானாக விலகுகிறது. அம்மா மட்டும் போன வியாழக்கிழமை ஒரு தட்டு நிறைய கிப்பே கறியுருண்டை பொரித்துத் துணி மூடி அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அப்பா தடுக்கவில்லை. அம்மா எதற்காக வைத்தாள், அப்பா எதற்காகச் சும்மா இருந்தார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்தச் சட்டையை அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

இங்கே யாரும் தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லையே. இன்று மதியம் மய்யாதாவே கொண்டுவந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். எப்படி இளைத்திருக்கிறாள். தட்டில் அத்திப்பழம் எட்டு, அதற்கு அடியில் மடித்த செய்தித்தாள். செய்தித்தாளுக்குள் என் சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, நீலப் பெயர் மேலே தெரியும்படி மடித்து.

"ஏன்டி?" என்றேன்.

"உங்கப்பா அங்கெல்லாம் போனதில்ல லமீஸ். எங்கப்பாவுக்குப் பழக்கம்" என்றாள். பிறகு, "அத்திப்பழத்த இன்னிக்கே சாப்பிட்டுருங்க, நாளைக்கு அழுகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருவில் போகும்போது அவளும் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

அப்பா வேலையிலிருந்து வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பார். அதற்குள் எழுதுகிறேன். அண்ணா, இனி வருவது உனக்கு இல்லை. நீ கோபப்படாமல் கேட்டுக்கொண்டிரு.

இந்த உறையைப் பிரிப்பவருக்கு,

சலாம். பிப்ரவரியில் உங்களுக்குச் சலாம் சொன்னபோது நீங்கள் ஒரு விளையாட்டு எனக்கு. மேசை, விளக்கு, பசைக்குப்பி, அவ்வளவுதான். ஊதாச் சூரியனுக்கு நீங்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால் நீங்கள் நிஜமான ஒரு ஆள்தான் என்று தெரிந்தது.

முப்பத்தொன்றாம் வரிசை, நாற்பத்து நான்காம் இடத்தில் ஜூன் பதினெட்டு அன்று இருந்தது நான். பலகையைத் திருப்பியது நான். யாரும் சொல்லித்தரவில்லை. அபூ நிஸாருக்கு நான் இடம் மாறியதே தெரியாது. மய்யாதா நிழலில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சட்டையை இதில் வைத்திருக்கிறேன். உள்பக்கம் கழுத்தில் என் பெயர் இருக்கிறது. தையல் என் அம்மாவுடையது, அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எதுவும் தெரியாது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏப்ரலிலேயே தெரியும். தெரிந்து நீங்கள் மேலே சொல்லியும் அவர்கள் கேட்கவில்லையா, அல்லது என் கடிதத்தை உங்கள் மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்களா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். முதலாவது என்றால் இந்தச் சட்டையாலும் பயனில்லை. இரண்டாவது என்றால், எனக்காகச் செய்தீர்கள் என்றால், நன்றி. இனி வேண்டாம். உங்களுக்கும் வீட்டில் யாராவது கடிதத்துக்குக் காத்திருப்பார்கள். இதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுங்கள். பட்டியலில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அதை மட்டும் சிரிக்காமல் படியுங்கள்.

பசையைக் கொஞ்சமாகத் தடவுங்கள். கீழே அண்ணனுக்கு ஒரு வரி இருக்கிறது, அது பிய்யக் கூடாது.

அண்ணா, ஒழுங்காகச் சாப்பிடு.

லமீஸ்


ப்ரனோ
2 அக்டோபர் 1987

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கள் கைகளுக்கு முத்தம். நான் நலம். லமீஸின் ஒன்பதாம் தேதிக் கடிதம் நேற்று கிடைத்தது. கடைசி வரி பிய்யவில்லை, முழுதாக இருக்கிறது. உறை அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தது.

உள்ளே ஒரு துணி வைத்திருப்பதாக எழுதியிருந்தாள். துணி இல்லை.

அம்மா, அவளை எழுதச் சொல்லுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், நாய்களைப் பற்றி, வாழைப்பழத்தைப் பற்றி. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் கையெழுத்தில் ஒரு வரி.

ஹைதம்


லதாக்கியா
27 அக்டோபர் 1987

என் மகன் ஹைதமுக்கு,

உன் கண்களுக்கு முத்தம். குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். அப்பா நலம். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார், வீட்டில்தான் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறார்.

விழா நல்லபடியாக நடந்தது. எல்லாம் சரியாக வந்ததாம், கண் அசையவே இல்லையாம். விருந்தாளிகள் போய்விட்டார்கள். நாய்கள் திரும்பி வருகின்றன.

போன வெள்ளிக்கிழமை மய்யாதா வீட்டுக்கு நான் ஒரு தட்டு அனுப்பினேன். நேற்று அது திரும்பி வந்தது, நிறைய பேரீச்சம்பழம் வைத்த பலகாரம். அபூ நிஸாரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நெடுநேரம் நின்றார், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. உன் அப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனார்.

லமீஸின் அந்தக் கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன். உறை தடிமனாக இருந்தது. தபால்பெட்டிக்கு முன்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டேன்.

அவளுக்கு இப்போது பென்சில் அனுப்ப வேண்டாம். அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள்.

உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாத குறையைத் தவிர எங்களுக்கு வேறு குறை எதுவும் இல்லை.

உன் அம்மா